400 வோல்ட்டை 200 ஆக்க: ஆட்டோவா, ஐசோலேஷனா, ஓபன் டெல்டாவா?

200, 220 வோல்ட் த்ரீ பேஸ் மெஷினை 400 வோல்ட் லைனில் ஓட்ட வேண்டுமென்றால், முதலில் மோட்டார் நேம்பிளேட்டைப் பாருங்கள். 220/380 என்று இருந்தால் டெர்மினல் பெட்டியில் இணைப்புப் பட்டைகளை டெல்டாவிலிருந்து (முக்கோண இணைப்பு, 220-க்கு) ஸ்டாருக்கு (மூன்று முனை ஒன்றுசேரும் இணைப்பு, 380-க்கு) மாற்றினால் முடிந்தது. காண்டாக்டர் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் காந்த ஸ்விட்ச்) காயிலின் வோல்டேஜை மட்டும் சரிபாருங்கள். டிரைவும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) போர்டும் 200 வோல்ட் கேட்கும் மெஷினுக்குத்தான் ட்ரான்ஸ்ஃபார்மர்.

10 கேவிஏ (வோல்ட்டும் ஆம்பியரும் சேர்ந்த திறன் அளவு) லோடு என்று வையுங்கள். 400 பக்கம் 14.4 ஆம்பியர், 200 பக்கம் 28.9.

ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மர் சிறியது, விலை குறைவு. இதே வேலைக்கு 5 கேவிஏ அளவு இரும்பும் செம்பும் போதும். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வைண்டிங் ஒன்றுதான். அதன் கீழ்ப்பாதி அறுந்தால் மேல்பாதி வழியாக 400 வோல்ட் லைன் நேரே மெஷினுக்குள் இறங்கும், டிரைவ் போர்டு கருகும். 400-ஐ 380 ஆக்க ஆட்டோவை யோசிக்காமல் வாங்கலாம், அரை கேவிஏ அளவே போதும். பாதியாகக் குறைக்க நான் வாங்க மாட்டேன்.

டெல்டா-ஸ்டார் ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரில் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வைண்டிங். கனமானது, முழு 10 கேவிஏ வேண்டும். டிரைவ் உள்ள மெஷினுக்கு இதுதான் சரி. செகண்டரி (200 பக்கம்) ஸ்டார் முனையை எர்த் செய்ய மறக்காதீர்கள்; விட்டால் எர்த் ஃபால்ட் வந்தாலும் லீக்கேஜ் பிரேக்கர் டிரிப் ஆகாது. ஆன் செய்யும் கணத்தில் முழு லோடு கரண்டைப்போல் பத்து மடங்குகூட இழுக்கும். சி கர்வ் எம்சிபி (தானாக விழும் பிரேக்கர்) அடிக்கடி விழுவது இதனால்தான். கணநேர அதிக கரண்டைத் தாங்கும் டி கர்வ் போடுங்கள்.

கையில் சிங்கிள் பேஸ் 400/200 ட்ரான்ஸ்ஃபார்மர் இரண்டு கிடந்தால் ஓபன் டெல்டா, அதாவது இரண்டை மட்டும் வைத்து த்ரீ பேஸ் எடுக்கும் இணைப்பு. ஒவ்வொன்றும் 5.8 கேவிஏவாவது இருக்க வேண்டும். மெஷினைச் சேர்க்குமுன் செகண்டரி லைன்களின் மூன்று ஜோடியையும் மீட்டரில் அளவிடுங்கள். இரண்டில் 200, ஒன்றில் 346 காட்டினால் ஒரு செகண்டரி தலைகீழ். அதன் இரண்டு வயரை மாற்றிப் போடுங்கள். எர்த் செய்ய ஸ்டார் முனை கிடையாது என்பதால் சாதா மோட்டாருக்கு மட்டும்.

மோட்டார் நேரடி ஸ்டார்ட் என்றால் எந்த வகையானாலும் ஒன்றரை மடங்கு கேவிஏ எடுங்கள். இல்லையேல் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் சரிந்து காண்டாக்டர் படபடக்கும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது. 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 183 வோல்ட்தான் கொடுக்க வேண்டும்; 220 கொடுத்தால் கோர் (உள் இரும்பு) காந்தத்தால் நிறைந்து சூடேறும். ஆர்டர் செய்யும்போதே செகண்டரியில் 180, 200, 220 டேப் (வோல்டேஜைத் தேர்ந்தெடுக்கும் முனைகள்) கேளுங்கள்.