டிராக்டருக்கு எவ்வளவு பளபளப்பு வேண்டும்? நாலைந்து கோடை ஓட்டிய பிறகு

பழைய மாஸி 1035-க்கு முழு பெயிண்ட் அடித்து நாலைந்து கோடை போய்விட்டது. புதிதாக அடித்த பெயிண்ட் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் இத்தனை நாள் விட்டு எழுதுகிறேன். கலர் பற்றி இல்லை, பளபளப்பு பற்றி மட்டும்.

எங்கள் பக்கம் பெயிண்டரிடம் வண்டியை விட்டால் கார் மாதிரி முகம் தெரிகிற அளவுக்கு அடித்துக் கொடுப்பார், அதுதான் நல்ல வேலை என்று பேர். உழவு வண்டிக்கு அது வேண்டியதில்லை என்பேன். உச்சி வெயிலில் பானட் மேல் பட்ட வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கும். அப்புறம், பழைய தகரத்தில் எவ்வளவு பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டாலும் கொஞ்சம் நெளிவு இருக்கத்தான் செய்யும், முழுப் பளபளப்பு அதையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். அரைப் பளபளப்பில் அது கண்ணுக்கே படாது.

அதனால் பானட்டுக்கு அரை, மட்கார்டுக்கும் ரிம்முக்கும் முழு, இரண்டும், இறுகுவதற்கு ஹார்ட்னர் கலக்கிற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். எஞ்சின் பக்கத்துக்கும் டிரெய்லருக்கும் சாதா எனாமல்.

பளபளப்பைக் குறைக்க பெயிண்டோடு மேட்டிங் பேஸ்ட் சேர்க்கிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது நுண்ணிய சிலிக்கா. படலம் காய்ந்து சுருங்கும்போது அந்தத் துகள்கள் மேல்பரப்பை லேசாகக் கரடாக்கும், விழுகிற ஒளி ஒரே பக்கம் திரும்பாமல் சிதறும், சூட்சுமம் அவ்வளவுதான். ஆனால் அது டப்பா அடியில் தங்கிவிடும், அடிக்கடி கலக்காவிட்டால் ஸ்பிரே கன்னில் முதலில் ஊற்றி அடித்தது ஒரு மாதிரியும் கடைசியில் அடித்தது ஒரு மாதிரியும் விழும். பானட், பக்கத் தகடு எல்லாவற்றுக்கும் தேவையான பெயிண்டில் பேஸ்டை ஒரே தடவையாகக் கலந்து வைத்துக்கொண்டு, ஹார்ட்னரை மட்டும் அவ்வப்போது சேர்ப்பது நல்லது. கை வாகும் முக்கியம்: கனமாக விழுந்த இடம் கூடுதலாக மின்னும், கன்னைத் தள்ளிப் பிடித்து வறட்சியாக அடித்த இடம் மங்கிப்போகும். முதலில் ஒரு தகட்டில் அதே தின்னர், அதே கோட் கணக்கில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் முடிவு செய்யணும், ஈரத்தில் எல்லாமே மின்னும். ஆலைகளில் பளபளப்பு மீட்டர் வைத்து 60 டிகிரி கோணத்தில் அளப்பார்கள், மீட்டரில் 70-க்கு மேலே வந்தால் நல்ல பளபளப்பு, 10-க்குக் கீழே மேட், அதாவது மங்கல். நமக்கு ட்யூப்லைட் போதும். அரைப் பளபளப்பு என்றால் தகட்டில் அதன் பிம்பம் கோடாகத் தெரியணும், ஓரம் மங்கலாக இருக்கணும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே வேண்டாம். வேகமாக ஆவியாகிற தின்னர் தகட்டைக் குளிர வைத்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும், அது நாம் கேட்ட மங்கல் இல்லை. ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு, துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அதற்கென்று உள்ள மாஸ்க் போடுங்கள்.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? மட்கார்டுக்கு முழுப் பளபளப்பு சரியான முடிவு, சேற்றுழவு முடிந்து தண்ணீர் அடித்தால் சேறு வழுக்கிக்கொண்டு போகிறது. வெயிலிலேயே நிற்கிற டிரெய்லரின் எனாமல்தான் மோசம், விரலால் தேய்த்தால் சிவப்புப் பொடி ஒட்டுகிறது. எஞ்சினில் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்தே பளபளப்பு செத்துவிட்டது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

பானட் நிறம் அப்படியே இருக்கிறது, கண் கூச்சமும் இல்லை. குறை என்றால், கையும் துணியும் ஓயாமல் படுகிற டீசல் மூடியைச் சுற்றி மட்டும் மெருகேறி வட்டமாக மின்னுகிறது. அரைப் பளபளப்பில் பாலிஷ் போடுகிற காம்பவுண்ட், வேக்ஸ் எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது, தேய்த்த இடமெல்லாம் இப்படித்தான் ஆகும். கரிசல் கறையும் கொஞ்சம் பிடிக்கும், சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் அடித்துச் சமாளிக்க முடியாது, ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரியும். என் வண்டியில் இடது பக்கத் தகட்டில் கருவேல முள் இழுத்த கோடு ஒன்று இருக்கிறது, சித்திரையில் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி முழுசாக அடிக்கப் போகிறேன்.