ஒலித் தொகுப்பா, விரிவுரையா: கொழும்பில் எதைப் பிடிப்பது?

சினிமா ஒலி படித்துவிட்டுக் கொழும்பில் வேலை தேடும் தம்பி தங்கச்சிமார் படங்களுக்கு ஒலி தொகுக்கலாம், அல்லது அதையே கற்பிக்கலாம். நான் தொகுப்பின் பக்கம். ஆனால் காசுக் கணக்கில் கற்பித்தல்தான் வெல்லும், அதை மறைக்கத் தேவையில்லை.

தனியார் நிறுவனத்தில் நிரந்தரமாகக் கற்பித்தால் மாதச் சம்பளத்தோடு, ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் கட்டும். படத்துக்குப் படம் வேலை செய்பவருக்கு இவை இல்லை. மிச்சக் காசைக் கேட்டு அலையவும் வேண்டிவரும். ஆனால் மணித்தியாலக் கணக்கில் போகும் வருகை விரிவுரையாளரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி வேண்டுமென்றால் நல்ல வகுப்புச் சித்தியோடு பட்டம் கேட்பார்கள்.

அப்படியிருந்தும் ஏன் தொகுப்பு? வெள்ளவத்தையில் கடலோர வீடொன்றில் ஒரு காட்சி எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். தாயும் மகளும் கதைக்கிறார்கள். தாயின் ஷொட்டில் காகங்கள், மகளின் ஷொட்டில் கரையோர ரயில். அப்படியே ஒட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் ரயில் திடீரென்று வந்து திடீரென்று மறையும். பேச்சொலியைத் தொகுக்கும் டயலொக் எடிட்டர் இரண்டு குரலுக்கும் அடியில் ஒரே ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் பின்னணி ஒலியை, விரிப்பார். ரயில் விழுங்கிய சொல்லை வேறொரு டேக்கிலிருந்து எடுப்பார். சிலவேளை ஓர் அசையை மட்டும். விநாடிக்கு 24 ஃபிரேமில் இரண்டு ஃபிரேம் பிசகினாலே உதடும் குரலும் ஒட்டாமல் உறுத்தத் தொடங்கும். எந்த டேக்கில் பேச்சு உண்மையாக யாழ்ப்பாணத்துப் பேச்சாக இருக்கிறது, எதில் நடிகை மலையகத்துப் பக்கம் வழுக்கிவிட்டார் என்று பிடிக்கத் தமிழ்க் காது வேண்டும். நம் பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. மென்பொருளும் தடையில்லை, டாவின்சி ரிசோல்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஒலி தொகுப்பதற்கான ஃபெயார்லைட் பகுதி உண்டு.

கற்பித்தலில் வேறொரு பலன் இருக்கிறது. கை பழக்கத்தில் செய்வதை வாய் விளக்க வேண்டிவரும். “ஏன் சேர் இங்கே முழுதாக மௌனமாக்கக் கூடாது?” என்று ஒரு மாணவி கேட்டால், ரூம் டோனோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் போட்டுக் காட்டத்தான் வேண்டும். ஒலி அறவே நின்றால் பார்ப்பவருக்குப் படமே பழுதானதுபோல் படும் என்பது அந்த நிமிடத்தில் வகுப்பு முழுவதற்கும் விளங்கும். அப்படி விளக்கிப் பழகியவர் நெறியாளரோடும் தெளிவாகப் பேசுவார்.

ஆனால் தொகுப்பு மேசையை விட்டு நீண்டகாலம் விலகியவர் மென்பொருளின் பொத்தான்களைத்தான் கற்பிப்பார், காதைப் பழக்கமாட்டார். ஆகவே முதலில் சில வருடங்கள் தொகுப்பு. பிறகு அதை விடாமல் கிழமையில் ஒருநாள் வகுப்பு. புனே திரைப்படக் கல்லூரிக்குப் போக வசதி இருந்தால் அதுவும் நல்லது. 2009இல் ஒஸ்கார் வென்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி அங்கே படித்தவர்.

கற்பிக்கும் வேலையை ஏற்கமுதல் ஒன்றைக் கேளுங்கள்: படப்பிடிப்பில் பதிந்த சுத்திகரிக்காத ஒலியை மாணவர்கள் வெட்டிப் பழகக் கொடுப்பார்களா? இல்லையென்றால், அது கிடைக்கும் இடமாகத் தேடுங்கள்.