கொசானேச் செதிலா, முழுத் தகடா? சாமுராய்க் கவசம் கட்டுமுன் எடைபோட வேண்டியவை

ஜப்பானில் இன்று ஒரு கவசத்தைப் புதிதாகக் கட்ட உட்காரும் கைவினைஞர் முதலில் முடிவு செய்வது மார்புக்கும் தொடைக்கும் வரும் அடுக்குகளை எதனால் செய்வது என்பதைத்தான். மூன்று வழி உண்டு. தனித்தனிச் செதில்களைக் கட்டிச் சேர்ப்பது ஹொன்கொசானே. ஒரே தகட்டின்மேல் செதில் போன்ற உருவத்தை எழுப்புவது கிரிட்சுகே. மூன்றாவது, வெறும் தகடு.

ஹொன்கொசானேயில் பாதி வேலை துளையிடுவதுதான். ஒவ்வொரு செதிலிலும் இரு வரிசையாகப் பொதுவாக 13 துளை. ஒரு செதில் அடுத்ததைப் பாதி மூடுவதால் எங்கும் இரட்டை அடுக்கு. கீழ்த்துளைகளில் தோல்வார் கோத்து வரிசையை இறுக்குவார்கள். மேல்துளைகள் பட்டுக் கயிற்றுக்கு. எல்லாமே இரும்பானால் பாரம் தாங்காது. அதனால் இரும்பையும், அடித்து இறுக்கிய பச்சைத்தோலான நெரிகாவாவையும் மாற்றி மாற்றி வைப்பார்கள். வேலையின் வரிசை பிசகுவது இங்கேதான். உருஷி மரப்பாலை இரும்பின்மேல் தடவிச் சூட்டில் சுட்டுப் பதித்தால்தான் துரு நெருங்காது. அந்தச் சூட்டைத் தோல் தாங்காது. இரும்புச் செதில்களைச் சுட்டு முடித்த பிறகே தோலோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

அடுத்தது பூச்சு. தோனோகோ மண்தூளைத் தண்ணீரில் குழைத்து, உருஷி கலந்து, மெல்லிசாகப் பலமுறை ஏற்ற வேண்டும். உருஷி மற்றப் பூச்சுகளைப் போல உலர்வதில்லை. காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். 20 முதல் 25 டிகிரி வெப்பமும் 70 முதல் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டி வேண்டும். ஈரம் குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். பூச்சு தடித்தாலோ ஈரம் மிஞ்சினாலோ மேற்பரப்பு முந்தி இறுகிச் சுருக்கம் விழும். அதைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். உருஷி முந்திரிக்கும் மாமரத்துக்கும் உறவான மரம். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கை வெந்தவர்களுக்கு உருஷி எப்படிப் புண்ணாக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் கொட்டை எண்ணெயில் செய்யும் கேஷூ பூச்சு ஈரப்பெட்டி இல்லாமலே காயும், விலையும் குறைவு. விழாவில் அணியும் புதுக் கவசத்துக்கு அது போதும். பழங்கவசத்தைச் செப்பனிட உருஷியைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது.

கிரிட்சுகே கண்ணுக்கு ஹொன்கொசானேதான். தகட்டின் மேல்விளிம்பைச் செதில்தலை போல வெட்டி, முகப்பில் உருஷிப் பசையால் மேடு எழுப்புகிறார்கள். அடி பட்டால் அந்த மேடு பொருக்காகப் பெயர்ந்துவிடும். வாங்குபவர் பின்புறத்தைப் பார்க்கட்டும்: பெரும்பாலும் அங்கே அடுக்கு தெரியாது, மட்டமாக இருக்கும். செதிலின் வளைந்துகொடுக்கும் குணமும் இல்லை, வெறும் தகட்டின் எளிமையும் இல்லை என்பதால் மூன்றில் இதைத்தான் கடைசியில் வைக்க வேண்டும்.

1543-இல் தானெகாஷிமா தீவில் துப்பாக்கி வந்து இறங்கிய பிறகு தகடு வேகமாகப் பரவியது. அதனோடு கயிறு கோக்கும் முறையும் மாறியது. கெபிகி முறையில் பட்டுக் கயிறு நெருக்கமாக ஓடி அடுக்கையே மறைக்கும். சுகாகேயில் இரண்டிரண்டாக, இடைவெளி விட்டுப் போகும். தகட்டில் கெபிகிக்காக வரிசையாகத் துளையிட்டால் தகடே பலமிழக்கும். கயிறு மழையில் நனைந்தால் கனக்கும், குளிரில் உறையும், சேறும் பேனும் தங்கும், ஈட்டிமுனையும் சிக்கிக்கொள்ளும் என்று கவசக்கலை அறிஞர் சகாகிபாரா கோசான் 1800-இல் எழுதினார். அவர் சொன்னது இன்றைக்கும் சரி. அணிந்து நடப்பதற்கான கவசமென்றால் தகடும் சுகாகேயும். காமாகுரா காலத்து (1185–1333) ஓ-யோரோய் என்னும் குதிரைவீரர் பெருங்கவசத்தின் நகலென்றால் ஹொன்கொசானேயும் கெபிகியும். அங்கே குறுக்குவழி தேடுவது வீண். எதுவானாலும் துளையின் விளிம்பு மழமழவென்று இருக்க வேண்டும். கூராக இருந்தால் பட்டு அங்கேதான் அறும்.

கயிற்றின் சாயத்துக்கு மட்டும் பழைய வழியே மேல். தோக்கியோவின் ஓமேயில் உள்ள முசாஷி மித்தாகே கோயிலின் சிவப்புக் கயிற்று ஓ-யோரோயில், மெய்ஜி காலத்தில் (1868–1912) செப்பனிட்டபோது சேர்த்த வேதிச் சாயக் கயிறுகள் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டன. பல நூற்றாண்டு மூத்த, மஞ்சிட்டி இனத்துச் செடியான அகானேயின் வேர்ச்சாயத்தில் தோய்த்த கயிறுகள் அவற்றின் பக்கத்திலேயே இன்னும் அழுத்தமான சிவப்பில் இருக்கின்றன.