நிறம் பற்றிய வேத வசனங்கள்: ஓர் இணையவழி வகுப்பின் மதிப்புரை

தோல் நிறத்தைப் பற்றிய வேதாகம வசனங்களை எவ்வாறு பொருள்கொள்வது என்று கற்பிக்கும் இணையவழி வகுப்பு ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பயின்று, அண்மையில் முடித்தேன். உன்னதப்பாட்டு 1:5 பற்றிய முதல் பாடமே சேர்ந்ததற்கான பயனைத் தந்துவிட்டது. "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்" என்றே படித்துப் பழகிய எனக்கு, எபிரேய மூலத்தில் அவ்விரு சொற்களையும் இணைப்பது ஒற்றை எழுத்துதான் என்பதும், அதற்கு 'உம்' என்றும் 'ஆனால்' என்றும் பொருள்கொள்ள இடமுண்டு என்பதும், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு முன்னதையும் லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தா பின்னதையும் தேர்ந்துகொண்டன என்பதும் திரையில் அடுத்தடுத்த வரிகளாகக் காட்டப்பட்டன. 'கறுப்பாகவும் அழகாகவும் இருக்கிறேன்' என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அந்த 'இருந்தாலும்' எத்தனை பேர் மனத்தை நோகடித்திருக்கும் என்று எண்ணி வருந்தினேன். வெயில் பட்டதால் கறுத்ததாக அப்பாடலில் பேசும் பெண் அடுத்த வசனத்தில் கூறுவதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா சபித்தது தம் மகன் காமை அன்று, காமின் மகன் கானானை என்பதும், நிறம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை என்பதும் தெளிவாக விளக்கப்பட்டன. அடிமைமுறையை நியாயப்படுத்த அப்பகுதியைப் பயன்படுத்தியோர் அங்கே இல்லாததையே படித்தார்கள்.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தை அவசரமாகக் கடந்ததுதான் பெருங்குறை. மோசேயின் எத்தியோப்பிய மனைவியை முன்னிட்டு அவருக்கு எதிராகப் பேசிய அவர் சகோதரி மிரியாம், தொழுநோயால் உறைபனிபோல் வெளுத்துப்போகிறாள். அந்த வெண்மைக்கும் அவள் பேச்சுக்கும் தொடர்புண்டா என்று எழுத்தில் கேட்டேன். வகுப்பு முடிந்தும் பதில் வரவில்லை.