ஒயின் கூலருக்குள் ஆர்க்கிட்: நங்கநல்லூரில் நான்கு வருடம்

எங்கள் ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. ஒயின் பாட்டில் வைக்கிற கூலர். அதை வீட்டுக்குள் இறக்கிய அன்று மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போனது பாசி சுற்றிய சின்னத் தொட்டிகள்தான் என்று பார்த்த பிறகுதான் காபி கிடைத்தது.

இந்தக் கதை சிம்பிடியம் என்ற ஆர்க்கிட் செடி ஒன்றில் ஆரம்பித்தது. ஊட்டியிலிருந்து இரண்டு பூத்தண்டோடு வாங்கி வந்தேன். பத்தே நாளில் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. அப்புறம் மூன்று வருடம் இலையாகத் தள்ளியதே தவிர, ஒரு தண்டு எட்டிப் பார்க்கவில்லை. உரம் மாற்றினேன், இடம் மாற்றினேன், பயனில்லை.

ஒரு நாளின் குறைந்த, கூடிய வெப்பநிலையைப் பதிந்துவைக்கும் மினி-மேக்ஸ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பெரிய பூ சிம்பிடியங்களின் பூர்வீகம் இமயமலைப் பக்கம். கோடையில் பகல் 30 டிகிரி இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் தண்டு விட, மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும் சமயத்தில் சில வாரங்கள் இரவு 10 முதல் 14 டிகிரிக்கு இறங்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி இடைவெளியும் வேண்டும். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். என் பால்கனியில் கார்த்திகை இரவு 23, பகல் 29. படுக்கையறை ஏசியை 24-இல் வைத்தால் செடி இருந்த ஜன்னலோரம் 27 காட்டியது. 18-இல் வைத்தால் நாங்கள் கம்பளிக்குள், கரண்ட் பில் வானத்தில்.

பகல் சூட்டை எப்படியாவது சமாளிக்கலாம். இரவுச் சூடுதான் சிக்கல். பகலில் செடி சமைத்து வைத்த சர்க்கரையை இரவில் சுவாசித்தே தீர்த்துவிடும். சூடு ஏற ஏற அந்தச் செலவும் ஏறும். மலைச் செடிகள் இப்படித்தான் மெலிந்து போகின்றன.

பெட்டி வாங்கலாம் என்று முடிவு செய்ததும் முதல் தப்பு: கம்ப்ரெசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும் பெல்டியர் வகையை மலிவாக இருக்கிறதே என்று வாங்கினேன். அது அறை வெப்பத்திலிருந்து ஏதோ ஒரு அளவுதான் குறைக்கும். மே மாத மதியம் ஹாலில் 36, பெட்டிக்குள் 22. விற்றுவிட்டு, பழைய கம்ப்ரெசர் கூலர் ஒன்றைப் பிடித்தேன். பாட்டில் தட்டுகளைக் கழற்றி, எல்.இ.டி. பட்டை ஒட்டி, ரிச்சி தெருவில் வாங்கிய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றையும் மாட்டினேன். இந்த ஃபேன் இல்லாத முதல் இரண்டு மாதத்தில் இலையெல்லாம் கரும்புள்ளி.

சிம்பிடியம் இதற்குள் நுழையாது, இலையே இரண்டு மூன்று அடி. அதனால் மாஸ்டெவாலியா என்ற சின்ன ஆர்க்கிட்டுக்கு மாறினேன். ஆண்டிஸ் மலை மேகக் காடுகளில் வளர்வது. வீட்சியானா என்ற இனம் பெருவில், மச்சு பிச்சு இருக்கும் பகுதியில் காணப்படுவது. ஆரஞ்சுப் பூவில் ஊதா ரோமம் பளபளக்கும். சிம்பிடியத்தைவிட இது குளிர் கேட்கும் செடி. ஆனாலும் சென்னையில் இதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து மலை என்பதால் அங்கே ஆடிக்கும் மார்கழிக்கும் பெரிய வித்தியாசமில்லை, பகலுக்கும் இரவுக்கும்தான் வித்தியாசம். காலையில் காபி போடும்போது 18, படுக்கும்போது 11 என்று பொத்தானை அமுக்கினால் போதும். சிம்பிடியத்துக்கோ, டென்ட்ரோபியம் நோபிலி என்ற இன்னொரு ஆர்க்கிட்டுக்கோ ஒரு முழுப் பனிக்காலத்தை உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். நோபிலி அது கிடைக்காவிட்டால் பூவுக்குப் பதில் குட்டிச் செடிகளை விடும்.

தொல்லைகளும் உண்டு. கம்ப்ரெசர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பின்சுவரில் வழியவிடும். மாஸ்டெவாலியாவுக்கு நீர் சேர்த்துவைக்கும் குமிழ்த்தண்டு கிடையாது, பாசி காயக் கூடாது. போர் தண்ணீர் ஊற்றினால் உப்பில் வேர் கருகும், ஆர்.ஓ. தண்ணீர்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் கரண்ட் இல்லை. வெளியே குளிர்ந்திருந்ததால் பெட்டி 25-ஐத் தாண்டவில்லை, எல்லாம் பிழைத்தன. அடுத்த கத்திரியில் ஐந்தே மணி நேரக் கரண்ட் கட், உள்ளே 30. இரண்டு தொட்டிகள் போயின. இப்போது ஃப்ரீசரில் எப்போதும் நான்கு ஐஸ் பாட்டில் தயாராக இருக்கும்.

இவ்வளவு வேண்டாம், பூ மட்டும் போதும் என்பவர்கள் ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட்டை வாங்குங்கள். மார்கழி, தை மாதங்களில் ஏசி அறையில் சில வாரம் 20 முதல் 25 கிடைத்தாலே தண்டு விடும். என்னுடையது வருடம் தவறாமல் பூக்கிறது, யாரும் அதற்காகப் பொத்தான் அமுக்குவதில்லை.

சிம்பிடியத்தைக் குன்னூர்ச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த மாசியிலேயே மூன்று தண்டு. சித்தி திண்ணையில் வைத்துத் தண்ணீர் ஊற்றியதோடு சரி.

கூலரின் கதவு ரப்பர் ஒரு பக்கம் தளர்ந்துவிட்டது. இந்த மாடலுக்குத் தனியாக வருவதில்லையாம். தெருமுனை ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பழைய ஃப்ரிட்ஜ் ரப்பரை வெட்டிப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கத்திரிக்கு முன்னால் வந்தால் சரி.