ஆல்ஃபா ஸ்பைடரா, ஃபியட் 124 ஸ்பைடரா? முதலில் தகரத்தைப் பாருங்கள்

பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பலர் கனவில் முதலில் வருவது ஃபெராரி 308. எனக்கும் அப்படித்தான். ஆனால் அந்த வி8 எஞ்சினின் இரண்டு டைமிங் பெல்ட்டுகளையும், வண்டி ஓடினாலும் சும்மா நின்றாலும், சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து மாதச் சம்பளக்காரர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் அல்லது ஃபியட் 124 ஸ்பைடர் என்ற கூரை மடக்கும் கார்களில்தான்.

இரண்டும் 1966-இல் வந்தவை, இரண்டுக்கும் உடல் வடிவம் தந்தது இத்தாலிய வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா, இரண்டிலும் ட்வின் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் இரட்டைத் தண்டு) எஞ்சின், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். ஃபியட்டில் பின்னால் குழந்தைகள் உட்காரச் சின்ன இருக்கை உண்டு, விலையும் பொதுவாகக் குறைவு. ஆல்ஃபாவில் கேம்களைச் சுழற்றுவது செயின், ஃபியட்டில் பெல்ட். ஃபியட்டை நண்பரிடம் இரவல் வாங்கி ஓட்டியதோடு சரி, அதனால் அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது ஆல்ஃபா, 1991 மாடல். காரணம் எஞ்சின் இல்லை, துரு.

எஞ்சின் போனால் சரிசெய்யலாம், உதிரிபாகமும் கிடைக்கும். குளிரில் இரண்டாவது கியர் கரகரப்பது இந்த ஆல்ஃபாக்களுக்கே உள்ள பழக்கம், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பே கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் அந்தப் பெட்டிப் பகுதிதான். அது உள்ளிருந்து அரித்துப்போனால் வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யும் கூலி பல சமயம் வண்டி விலையையே தாண்டிவிடும். மேலே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினாலோ, விளிம்பில் இருந்த இடைவெளி குறைந்தாலோ, உடம்பு வளைகிறது என்று அர்த்தம், விற்பவர் எவ்வளவு பேசினாலும் கிளம்பிவிடுங்கள். அப்புறம் துணி சுற்றிய காந்தத்தைக் கதவுக்குக் கீழே மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள், கேன்வாஸ் கூரை வழியாக இறங்கும் தண்ணீர் அதன் அடியில் தேங்கித் தரையை மேலிருந்தே தின்றுவிடும்.

இந்த விஷயத்தில்தான் ஆல்ஃபா என்னை இழுத்தது. ஃபியட் ஸ்பைடர் 1985-லேயே நின்றுவிட்டது, ஆல்ஃபா 1993 வரை ஓடியது. கடைசி மாடல்கள் என்றால் தகரத்துக்கு வயது குறைவு, போதாக்குறைக்கு பாஷ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் எரிபொருள் இன்ஜெக்‌ஷன், பவர் ஸ்டீயரிங் எல்லாம் உண்டு. 70-களில் அமெரிக்காவுக்குப் போன ஆல்ஃபாக்களில் இருந்த ஸ்பைகா மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனை ட்யூன் செய்யத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ரசிகர்களுக்குப் பிடித்தது என்னவோ 60-களின் உருண்டை வால் கார்தான், அழகும் அதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதன் விலை வேறு உலகம். கடைசிக் கார்களுக்கு அந்த மவுசு இல்லாததால்தான் நல்ல உடம்போடு ஒன்று எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது.

எதை வாங்கினாலும் வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்று கேளுங்கள். பனிக்கு ரோட்டில் உப்புப் போடும் அமெரிக்க மாநிலத்துக் காரைவிட, பெயின்ட் வெளுத்து டாஷ்போர்டு வெடித்த கலிபோர்னியா கார் எவ்வளவோ மேல். மனசு ஃபியட்டில்தான் என்றால் பானெட்டைத் திறந்து முன்பக்க ஷாக் அப்சார்பர் உட்காரும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், அந்தக் காரில் துரு முதலில் குடியேறும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே சுத்தமாக இருந்தால் தைரியமாக விலை பேசலாம்.