இடுப்பு நரம்பு வலியும் ராணுவ ஊன ஓய்வூதியமும்: மெடிக்கல் போர்டு முதல் தீர்ப்பாயம் வரை என் அனுபவம்

காலாட்படையில் ஹவில்தாராக இருந்து 2012இல் ஓய்வு பெற்றேன். முதுகுத்தண்டின் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. வலி இடுப்பில் கிளம்பி, இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கட்டைவிரல் வரை போகிறது. ஊன ஓய்வூதியம் கேட்டு மனு, மேல்முறையீடு, வழக்கு என எல்லாப் படிகளையும் ஏறி முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என்னைப் போல நரம்பு வலியோடு வீடு திரும்பியவர்கள் நம் ஊர்ப் பக்கம் ஏராளம்.

முதலில் ஒன்று. என் வலியை யாரும் மறுக்கவே இல்லை. ஓய்வுக்கு முந்தைய மெடிக்கல் போர்டே, அதாவது ராணுவ மருத்துவக் குழுவே, எனக்கு 20 சதவீத ஊனம், ஆயுள் முழுவதற்கும் என்று எழுதியது. பென்ஷனுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவும் அதுதான். ஆனால் அடுத்த கட்டத்தில், இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல என்று ஒரே வரி. காரணம் எழுத வேண்டிய இடத்தில், பீஸ் ஸ்டேஷனில் (போர்முனை அல்லாத அமைதிப் பகுதியில்) இருக்கும்போது தொடங்கியது என்று நான்கைந்து சொற்கள். அதற்கு முந்தைய போஸ்டிங்கில் சியாச்சின் பக்கம் பனியில் சுமை தூக்கி ஏறியது அந்தத் தாளில் எங்கும் இல்லை. டிஸ்க் பிதுங்குவது ஒரே நாளில் நடப்பதில்லை என்பது மருத்துவர்களுக்குத் தெரியாததா? வலி எந்த ஊரில் இருந்தபோது வாய்விட்டுச் சொல்லப்பட்டதோ, அந்த ஊர்தான் நோய் பிறந்த ஊராகக் கணக்கில் ஏறியது.

போர்டில் நடந்த சோதனையையும் சொல்ல வேண்டும். மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்கினார்கள். முப்பது டிகிரி தாண்டுவதற்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுத்தது. பிறகு கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொல்லி, மருத்துவர் தன் விரலால் அதை எதிர்த்து அழுத்தினார். வலது கால் தாக்குப்பிடித்தது, இடது மடங்கிப் போனது. குண்டூசி குத்தியபோது பாதத்தின் மேல்பகுதியில் பாதி உணர்வுதான். சோதனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கேள்விகள்தான் போதவில்லை. எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எதைக் கேட்டாலும் 'டீக் ஹை, சாப்' (நன்றாக இருக்கிறேன் ஐயா) என்று சொல்லியே பழக்கப்பட்டவர்கள் நாங்கள். கேட்காததைச் சொல்லும் பழக்கம் எந்தச் சிப்பாய்க்கும் கிடையாது.

முதல் மேல்முறையீடும் இரண்டாவது மேல்முறையீடும் தள்ளுபடியாயின. அவற்றைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. போர்டின் அதே வரி கொஞ்சம் நீளமாகத் தட்டச்சாகி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதக் கெடு உண்டு, அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. மனுவுக்கு ஆறு மாதம் பதிலே வரவில்லை என்றாலும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் போகலாம் என்று சட்டம் இடம் தருகிறது. பலர் பதிலுக்காகவே ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள், அது தேவையில்லை.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சந்தித்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர்தான் வழி காட்டினார். "தம்பி, வக்கீலைப் பார்க்கும் முன்னே ஆர்.டி.ஐ. போட்டு உன் மெடிக்கல் போர்டு தாள்களை எல்லாம் வாங்கு. சேரும்போது எடுத்த மருத்துவத் தாளையும் கேள்" என்றார். அந்தக் கடைசித் தாள்தான் வழக்கையே தூக்கி நிறுத்தியது.

ஏனென்றால் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: படையில் சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பிற்பாடு வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது, வீரருடையது அல்ல. மருத்துவக் குழு காரணத்தையும் எழுதியாக வேண்டும். தரம்வீர் சிங் சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் படைப்பிரிவுச் சிப்பாய். அவருக்கு வலிப்பு நோய், 20 சதவீதம்தான். அதைப் படித்த அன்று எனக்கு வந்த தெம்பு எந்த மாத்திரையிலும் வந்ததில்லை.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009இல் செயல்படத் தொடங்கியது. சென்னையிலும் ஓர் அமர்வு உண்டு. நீதிபதி ஒருவரும், படையில் உயர் பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். மலையில் சுமை தூக்குவது என்றால் என்ன என்பதை அங்கே விளக்க வேண்டியிருக்கவில்லை. பணியால் நோய் அதிகமானது என்று ஏற்று உத்தரவிட்டார்கள். ஏறிய படிகளில் நான் மனதாரப் பாராட்டுவது இந்த ஒன்றைத்தான்.

பணக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். 20 சதவீத ஊனத்துக்கு அதன்படி 6 சதவீதம்தான் வரும். ஆனால் 50க்குக் கீழே உள்ளதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. என்னைப் போல் பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அப்படியானால் 6 என்பது 15 ஆகிறது. 40,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் 2,400 வர வேண்டிய இடத்தில் 6,000. மனுவிலேயே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உத்தரவு கைக்கு வந்த பிறகும் பணம் உடனே வரவில்லை. உத்தரவை நிறைவேற்றக் கோரி இன்னொரு மனு போட்ட பிறகே திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) வந்தது. வென்றவனை மறுபடி வரிசையில் நிற்க வைப்பது அநியாயம், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வலி தீரவில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையில், நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை கிடைக்கிறது. போட்டால் எரிச்சல் அடங்கும், காலையில் தலை கனக்கும். இப்போது படியேறும்போது இடது பாதம் தட்டுகிறது. போர்டு சொன்ன சதவீதம் ஆயுளுக்கும் நிலைக்கும், ஆனால் நாமே கேட்டால் மறுபரிசீலனை உண்டு. நரம்புக் கடத்தல் சோதனை அறிக்கையோடு அதற்கு எழுதப் போகிறேன்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பின் ஓய்வு பெற்றவர்கள் அந்த விதிகளைப் படித்துவிட்டே மனு எழுத வேண்டும். பழையவர்கள், கெடு தாண்டிவிட்டதே என்று ஒதுங்க வேண்டாம். பென்ஷன் மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் நிலுவைத் தொகை, பல வழக்குகளில் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைத்திருக்கிறது. ஆர்.டி.ஐ. மனுவை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.